இரவல் நடை

பேருந்தில் இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதியவர்கள் நின்றுகொண்டு வந்தார்கள். இருக்கைகளின் முதுகில் ‘அறுபதுக்குக் கீழ்ப்பட்டோர் மட்டும்’ என்று பச்சை எழுத்தில் எழுதியிருந்தது. ஜன்னலோரத்தில் கல்லூரிப் பெண் ஒருத்தி வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு, எழுபத்தெட்டு வயதுத் தாரணி ஒவ்வொரு வேகத்தடைக்கும் முழங்காலை மடக்கி மடக்கி நிமிர்ந்தாள்.

யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை. திருச்சியில் முதியவர்கள் உட்காரப் பொது இடம் என்று ஒன்று இல்லாமல் போய் ஒரு தலைமுறை ஆகிவிட்டது. ரயிலடியில் பெஞ்சுகளைப் பெயர்த்தெடுத்தார்கள். பூங்காக்களில் உட்காரும் திண்டுகளைக் கூர்மையாக்கினார்கள். மூன்று மாடிவரை மின்தூக்கி அறுபது கடந்தவர்களின் விரல் ரேகைக்குத் திறக்காது. ரேஷன் அரிசியைப் பாதிப் பாதியாக இரண்டு முறை வந்து தூக்கிக்கொண்டு போக வேண்டும். வீட்டில் இருப்பவைகூட எழுப்பு நாற்காலிகள்தான். கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும், இருக்கை மெல்லச் சாய்ந்து ஆளை எழுப்பி நிறுத்திவிடும். வயதானால் தசை கரையும், தசை கரைந்தால் ஆள் விழுவார், விழுந்தால் படுக்கை, படுக்கைக்குப் பிறகு என்ன என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. தசைச்சரிவு என்று அதற்குப் பெயர் வைத்து, அதை ஒழிப்பதென்று அரசு கச்சை கட்டி இறங்கியதன் பலன், நூறு வயதுக்காரர்கள் காய்கறிப் பையோடு மாடிப்படி ஏறினார்கள்.

சட்டம் மட்டும் செய்த வேலையல்ல அது. எழுபதை ஒட்டியதுமே பெரும்பாலானவர்கள் நரம்புவலை பொருத்திக்கொண்டார்கள். இடுப்பிலிருந்து கணுக்கால்வரை தோலுக்கு அடியில் ஓடும் மெல்லிய இழைகள் அவை. கிழட்டு நரம்பு சொல்ல மறந்ததை அந்த வலை தசைக்குச் சொல்லும்; தசை கேட்டுக்கொண்டு வேலை செய்யும்; வேலை செய்கிற தசை கரையாது.

தாரணி பொருத்திக்கொள்ளவில்லை. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் இழப்பீட்டுக் கோரிக்கைகளை விசாரிக்கும் அதிகாரியாக முப்பது வருஷம் இருந்தவள் அவள். நொண்டிக்கொண்டு அலுவலகத்துக்குள் வந்தவன், வெளியே போய் முக்கு திரும்பியதும் நிமிர்ந்து நடப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். முகம் பொய் சொல்லும், வாய் பொய் சொல்லும், கால் அவ்வளவு எளிதில் சொல்லாது என்பது அவள் பாடம். அடுத்தவன் சொல்லிக்கொடுத்து நடக்கிற காலை அவள் எப்படி நம்புவாள்?

பேருந்து சத்திரம் நிலையத்துக்கு முன்னால் மெதுவாகத் திரும்பியபோது, நடைபாதையில் போய்க்கொண்டிருந்த ஒருவரின் முதுகைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் அவள் கை கம்பியிலிருந்து நழுவியது.

இடது பாதம் வெளிப்பக்கம் லேசாகத் திரும்பியிருந்தது. வலது கை வீசாமல் தொடையை உரசிக்கொண்டே போயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக அந்தத் தயக்கம்: ஒவ்வோர் எட்டையும் முடிப்பதற்கு முன் ஒரு நூலளவு பிடித்துவைத்து, பிறகு விடுகிற தயக்கம். உலகத்தில் ஒரே ஒரு மனிதர்தான் அப்படி நடப்பார். அவள் கணவர் எழில்மாறன். பதினோரு வருஷத்துக்கு முன் கொள்ளிடத்தில் வெள்ளம் பார்க்கப் போனபோது கரை சரிந்து ஆற்றோடு போனவர். கூட விழுந்தவர்களின் உடல்கள் கிடைத்தன. அவருடையது மட்டும் கிடைக்கவில்லை. ஊரில் எல்லார் சாவையும் சந்தேகப்பட்டே பிழைத்தவள், அந்த ஒரு சாவை மட்டும் சந்தேகப்படாமல் அழுது தீர்த்திருந்தாள்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி ஓடினாள். ஓட்டம் என்று அவள்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். சமீப மாதங்களாக அவள் தொடைகள் சொன்னபடி கேட்பதில்லை. ஆனாலும் விடவில்லை. மெயின்கார்டு கேட் பக்கத்துக் காப்பிக் கடையில் அவர் நின்றுவிட்டதால் பிடிக்க முடிந்தது.

குட்டையான, கழுத்தில்லாத, சிவந்த மனிதர். எழில் உயரம், கறுப்பு. இவர் முகத்தில் எழிலின் ஒரு ரேகைகூட இல்லை. முகத்தை மாற்றிக்கொள்ள முடியாத காலமா இது என்று அவளுக்குள் பழைய அதிகாரி எழுந்து உட்கார்ந்தாள். உயரத்தையும் வெட்டிக் குறைக்க முடியுமா என்பதுதான் தெரியவில்லை. ஒரு காப்பி வாங்கிக்கொண்டு அவருடைய இடப்பக்கமாகப் போய் நின்று, உதடு அசைகிறதா என்று தெரியாத அளவுக்கு முணுமுணுத்தாள்.

“சட்டையில காப்பி சிந்திடுச்சு.”

அவர் சட்டென்று குனிந்து சட்டையைப் பார்த்தார். எழிலுக்கு இடது காது சின்ன வயசிலிருந்தே கேட்காது. ஆக, இவர் எழில் இல்லை. ஆனாலும் அவள் நகரவில்லை.

“தப்பா நினைக்காதீங்க. உங்க நடை... எங்கயோ பார்த்த மாதிரி இருக்கு.”

அந்த மனிதரின் முகம் மாறியது. டம்ளரை மேசையில் வைத்துவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தார்.

“நீங்க காப்பகத்து ஆளா?”

“எந்தக் காப்பகம்?”

“அப்ப விடுங்க. அதெல்லாம் பேசக் கூடாதும்மா.” குரலைத் தாழ்த்தினார். “எம் பேரு பாலமுரளி. ரெண்டு வருஷம் படுத்த படுக்கையாக் கெடந்தேன். காலு ரெண்டும் முருங்கைக்காய் மாதிரி. ஒன்னுக்குப் போறதுக்கு மருமக கைய எதிர்பார்த்துக் கெடந்தேன். இப்ப எங் காப்பிய நானே வந்து குடிக்கிறேன். அவ்வளவுதான் தெரியும். நடை எங்கேருந்து வந்துச்சுன்னு நான் கேட்டதில்ல, நீங்களும் கேக்காதீங்க.”

காப்பியைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். போகும்போது முதுகுப்புறம் மறுபடி எழில்.

இரண்டு நாள் கழித்து காந்தி மார்க்கெட்டில், கீரைக்கட்டுகளோடு போன ஒரு அம்மாளிடம் அதே நடையைப் பார்த்தாள். அந்த வாரக் கடைசியில் காவிரிப் படித்துறையில் இன்னொருவர். ஒருவர் என்றால் தற்செயல். இத்தனை பேர் என்றால் யாரோ எதையோ மறைக்கிறார்கள்.

பாலமுரளி சொன்ன காப்பகம், வலை பொருத்தும் தசைக்காப்பகம், தில்லைநகரில் இருந்தது. வலை போட்டுக்கொள்ள வந்திருப்பதாகச் சொன்னாள். நடைப்பொருத்துநர் ஏஞ்சலின் நாற்பதைத் தாண்டிய பெண். சிரித்த முகம், அசராத கை. தாரணியை நடக்கவிட்டு, உட்கார்ந்து எழச் சொல்லி, தொடையை அழுத்திப் பார்த்தாள். அவளுடைய சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

“இவ்வளவு நாள் ஏம்மா வரல? இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா படி ஏற முடியாதும்மா.”

“பயம். அந்த வலைக்கு எப்படி நடக்கணும்னு யாரு சொல்லிக்குடுக்குறது?”

“மனுஷங்கதான். மூலநடைன்னு சொல்லுவோம். வலை போடாம, சொந்தக் கால்ல நல்லா நடக்கிற பெரியவங்ககிட்டேருந்து எடுக்கிறது. அவங்க நரம்பு தசைக்குச் சொல்றதை அப்படியே பதிஞ்சு, உங்க வலைக்குக் குடுப்போம்.”

“மெஷினே ஒரு நடையை உண்டாக்கிக்கக் கூடாதா?”

“பண்ணிப் பார்த்தாச்சும்மா. ஒரே சீரா வரும். தசை ஏமாறாது. மனுஷ நடையில ஒரு எட்டு மாதிரி இன்னொரு எட்டு இருக்காது, அந்தக் கோணலுக்குத்தான் தசை முழிச்சுக்கிட்டு இருக்கும். மெஷின் நடை போட்டவங்க மூணு மாசத்துல திரும்பப் படுத்துட்டாங்க.”

தாரணி மடியில் இருந்த கைகளைக் கோத்துக்கொண்டாள். விசாரணையில் முக்கியமான கேள்வியை எப்போதும் சாதாரணமாகத்தான் கேட்பாள்.

“செத்துப்போனவங்க நடையையும் போடுவீங்களோ?”

ஏஞ்சலின் சிரித்துவிட்டாள். “அய்யோ, இல்லம்மா. உங்க எலும்புக்கு வயசாக ஆக மூலநடைக்கும் வயசாகணும். அதனால வருஷா வருஷம் அவங்ககிட்ட போய்ப் புதுசா எடுத்துட்டு வருவோம். மூலநடைக்காரர் தவறிட்டார்னா அந்த நடையை நிறுத்திடுவோம், போட்டிருக்கிறவங்களுக்கு வேற மாத்திடுவோம். உயிரோட இருக்கிறவங்க நடைதான் உங்களுக்கு வரும், கவலையே வேணாம்.”

சுவரிலிருந்த கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. தாரணிக்கு அது மட்டும்தான் கேட்டது. நாற்காலி சாய்ந்து அவளை எழுப்பி நிறுத்தியபோதுதான் தன்னுணர்வு வந்தது.

“மார்க்கெட்ல ஒரு அம்மாவைப் பார்த்தேன். இடது பாதம் கொஞ்சம் வெளிய திரும்பி, நிதானமா ஒரு நடை. அதை எனக்குப் போட்டுப் பார்க்க முடியுமா?”

“நீங்களும் அதையா கேக்குறீங்க? இந்த மாவட்டத்துல அதுக்குத்தான் மவுசு. ஒவ்வொரு எட்டையும் பிடிச்சுப் பிடிச்சு வைக்கிற நடை. அதைப் போட்டவங்க யாரும் இதுவரைக்கும் விழுந்ததில்ல. உங்க இடுப்பளவுக்கும் ஒத்து வரும்.”

தோலுக்கு அடியில் பொருத்துவதற்கு முன் ஒத்திகைக்கென்று ஒரு வெளிவலை உண்டு. நீளக் காலுறை போல இடுப்புவரை இழுத்துவிட்டார்கள். ஏஞ்சலின் சுவரோரம் நின்று ஏதோ தொட்டாள். கால்களில் எறும்பு ஊர்வதுபோல் ஒரு குறுகுறுப்பு. பிறகு இடது பாதம் தானாக வெளிப்பக்கம் திரும்பியது.

தாரணி நடந்தாள்.

நாற்பது வருஷம் பக்கத்தில் பார்த்த நடை, இப்போது உள்ளேயிருந்து. எழிலின் இடுப்பு இப்படித்தான் சுழலுமா? பெருவிரல் இவ்வளவு அழுந்துமா? அது அவர்தான், சந்தேகமே இல்லை. ஆனால் வயதாகியிருந்தது. அவளுக்குத் தெரிந்த எழிலின் முழங்கால் இப்படி முனகியதில்லை. கெண்டைக்காலுக்கு முன்புறம் ஓர் இறுக்கம், சரிவில் இறங்கிப் பழகிய காலுக்கு வரும் இறுக்கம். மலையில் இருக்கிறார் என்று உடனே புரிந்துகொண்டாள்.

இன்னும் ஒன்று புரிந்தது. அந்தத் தயக்கம் பலவீனத்தால் வந்ததல்ல. தொடை நீளமாக எட்டு வைக்கத்தான் தயாராகிறது; கடைசி நொடியில் அதைச் சுருக்கிக்கொள்கிறது. சுருக்கும்போது தோள் ஒரு மயிரிழை வலப்பக்கம் சாய்கிறது. யாரையோ விட்டுவிட்டுப் போய்விடக் கூடாதே என்று பார்த்துக்கொள்வதைப்போல. வலப்பக்கத்தில் ஒருத்தி வருகிறாள். குள்ளமானவள், மெதுவாக நடப்பவள். அவளுக்காக இவர் தன் வேகத்தையே விட்டுக்கொடுத்திருக்கிறார்.

தாரணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எழில் மந்தமாக நடக்கிறார் என்று வாழ்நாளெல்லாம் அவரை விரட்டியவள் அவள். ‘ஆமை மாதிரி வராதீங்க’ என்று கடைத்தெருவில் எத்தனை முறை கத்தியிருப்பாள்! எவளோ ஒருத்தி அப்படியெல்லாம் கத்தாமல், பேசாமல், இதமாகக் கூட நடக்கிறாள் போலிருக்கிறது.

“அம்மா, ஏன் முகமெல்லாம் வேர்க்குது?”

“கழட்டுங்க” என்றாள் தாரணி. வலையை உருவி எடுத்த பிறகு ஏஞ்சலினை நேருக்கு நேர் பார்த்தாள். “இந்த நடைக்காரர் எம் புருஷன். பதினோரு வருஷத்துக்கு முன்னால செத்துட்டார்னு அரசாங்கம் சான்றிதழ் குடுத்திருக்கு. ஒன்னு, நீங்க செத்தவர் நடையை ஊருக்கெல்லாம் போட்டுவிடுறீங்க. இல்லைன்னா, அவர் எல்லாரையும் ஏமாத்தியிருக்கார். எதுன்னு எனக்குத் தெரியணும்.”

ஏஞ்சலின் நம்பவில்லை. அடையாளம் கேட்டாள். காது, மச்சம், வயிற்றில் அறுவைத் தழும்பு என்று தாரணி சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்தது. மூலநடைக்காரர்களை வருஷாவருஷம் போய்ப் பார்த்துப் பதிபவளே அவள்தான்.

“அவர் வேற பேர் சொல்லியிருக்காரும்மா” என்றாள் கடைசியில். “நான் மேலிடத்துல சொன்னா, பொய்ப் பேருன்னு அந்த நடையை அன்னைக்கே நிறுத்திடுவாங்க. எல்லாருக்கும் மாத்து நடை பொருத்துறதுக்கு மாசக்கணக்குல ஆகும். அதுவரைக்கும் மெஷின் நடைதான். அவங்கள்ல பாதிப் பேர் படுக்கையில விழுந்துடுவாங்க.”

பாலமுரளியின் முருங்கைக்காய்க் கால்களைத் தாரணி நினைத்துக்கொண்டாள். அந்த மனிதரை ஏன் நினைக்க வேண்டும் என்று எரிச்சலாகவும் வந்தது.

“நீங்க யாருகிட்டயும் சொல்ல வேணாம். அவருகிட்ட மட்டும் சொல்லுங்க. தாரணி பார்க்கணும்னு சொன்னான்னு.”

அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தாள். வந்தார். அடுத்த வாரம் முற்பகலில், காப்பகத்துப் பயிற்சிக் கூடத்தில், உயரமாகக் கறுப்பாக, தலை முழுக்க வெளுத்து, கம்பளிச் சட்டையோடு நின்றார். வெயில் கொளுத்துகிற ஊரில் கம்பளிச் சட்டை. கொல்லிமலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் மேற்பார்வை பார்ப்பதாக ஏஞ்சலின் முன்பே சொல்லியிருந்தாள். கதவைச் சாத்திவிட்டு அவள் வெளியே போனாள்.

தாரணி பழக்கப்படி அவருடைய வலப்பக்கமாகப் போய் நின்றாள். பிறகு அந்த இடம் இப்போது வேறொருத்தியுடையது என்ற நினைவு வந்து, எதிரே வந்து நின்றாள்.

“வருவீங்கன்னு நினைக்கல.”

“வரலைன்னா நீ தேடிக்கிட்டு வருவ. உன்னைத் தெரியாதா எனக்கு?”

குரல் அப்படியே இருந்தது. அதுதான் அவளைச் சுட்டது. மரியாதை வாயிலிருந்து உதிர்ந்துபோயிற்று.

“உனக்குக் கருமாதி பண்ணினேன்டா. கொள்ளிடத்துல போய் நின்னு எள்ளும் தண்ணியும் விட்டேன். வருஷாவருஷம் விட்டேன். நீ எங்க உக்காந்து காப்பி குடிச்சுக்கிட்டு இருந்த?”

பதில் சொல்லும்வரை அவள் விடப்போவதில்லை என்பது எழில்மாறனுக்குத் தெரியும்.

“ஆத்துல போனது நெசம் தாரு. பொய் இல்ல. ரொம்ப தூரம் கீழ, நாணல் புதர்ல போய்ச் சிக்கினேன். புடிச்சு ஏறிக் கரையில உக்காந்தேன். தூரத்துல ஆளுங்க தேடிக்கிட்டு இருந்தாங்க. கையைத் தூக்கினாப் போதும். தூக்கல.”

“ஏன்?”

“அதுக்கு முன்னால ஒரு மருத்துவ முகாமுக்குப் போனோமே, ஞாபகம் இருக்கா? ரெண்டு பேரு தசையும் தங்கமா இருக்கு, வலை போட்டுக்கிட்டா நூத்திப்பத்து நிச்சயம்னு சொன்னாங்க. நீ சந்தோஷமா வீட்டுக்கு வந்து, இன்னும் நாப்பது வருஷம் இருக்கப்போறோம், வீட்டுக்கு மொதல்ல பெயின்ட் அடிக்கணும்னு ஆரம்பிச்ச.” அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு பேசினார். “நம்ம தாத்தன் பாட்டன் காலத்துல அறுபது எழுபதுல யாராவது ஒருத்தர் போயிடுவாங்க. அதுவரைக்கும் ஒட்டி இருந்தாப் போதும்னு கட்டிவச்ச ஏற்பாடு இது. நான் அதுக்குத்தான் தயாரா இருந்தேன். நல்லபடியா முடிக்கப்போறோம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். முடியலை, மறுபடி மொதல்லேருந்துன்னு சொன்னா... பயந்துட்டேன்.”

“என்னைப் பிடிக்கலையா?”

“பிடிக்காம என்ன. நீ திட்டினதுகூடப் பிடிக்கும். ஆனா இன்னொரு நாப்பது வருஷம்னு நினைச்சா மூச்சு முட்டுச்சு. வேற யாரா இருந்தாலும் அப்படித்தான் முட்டியிருக்கும்.”

“கேட்டிருந்தா விட்டிருப்பேன்.”

“விட்டிருக்க மாட்ட. விசாரிச்சிருப்ப. ஏன், எதுக்கு, எப்பலேருந்துன்னு. எங்கிட்ட பதில் இருந்திருக்காது.”

அது உண்மை என்பதால் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. கடைசிவரை வைத்திருந்த கேள்வியை எடுத்தாள்.

“யாரு அவ?”

“எவ?”

“நடிக்காத. உன் நடையைப் போட்டுப் பார்த்தேன். காலு நீளமா வைக்கப்போகுது, நீ இழுத்துப் பிடிக்கிற. வலப்பக்கம் சாயுற. மெதுவா நடக்கிற எவளையோ கூட்டிக்கிட்டு நடக்கிற. அவ பேரு என்ன?”

எழில்மாறன் முகத்தில் முதலில் குழப்பம் வந்தது. பிறகு அது ஒரு வகையான வெட்கமாக மாறியது.

“அங்க யாரும் இல்ல, தாரு. தனியாத்தான் நடக்கிறேன்.”

“பொய்.”

“எனக்கு எடது காது கேக்காதுன்னு எப்பவும் யாரு வலப்பக்கம் வருவா? யோசி.”

“நான் மெதுவா நடக்கிறவளா? நீதான் மந்தம். நாப்பது வருஷம் உன்னை இழுத்துக்கிட்டுத் திரிஞ்சது நான்!”

அவர் மறுக்கவில்லை. “அப்படியே வச்சுக்க” என்றார்.

அவர் வார்த்தையைத் தாரணி நம்பவில்லை. நம்பிப் பழக்கமில்லை. கூடத்தின் கதவைத் திறந்து ஏஞ்சலினைக் கூப்பிட்டாள். “இவர் நடையை மொதல்ல எடுத்தப்போ அந்தச் சாய்வு இருந்துச்சா?”

“முதல் வருஷத்துலேருந்து இருக்கும்மா” என்றாள் ஏஞ்சலின். “மலைக்கு வந்த புதுசு, யாரோடயும் பேசக்கூட மாட்டாரு. ரொம்ப நாள் ஜோடியா நடந்தவங்ககிட்ட இது இருக்கும். நாங்க ஜோடிநடைன்னு சொல்லுவோம். ஜோடி போன பிறகும் போகாது. அந்தப் பிடிச்சு வைக்கிற தன்மைதான் எல்லாரையும் விழாம காப்பாத்துது.”

தாரணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பேசிவைத்துக்கொண்டு சொல்கிறார்களா என்று யோசித்தாள். பிறகு எழிலிடம், “வாசல்வரைக்கும் நடங்க” என்றாள். மறுபடி மரியாதை வந்துவிட்டதை அவளே கவனிக்கவில்லை.

அவர் நடந்தார். அவள் வலப்பக்கம் சேர்ந்துகொண்டாள். தன் வழக்கமான வேகத்தில் நடந்தாள். அந்த எட்டு அவளுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. வேண்டுமென்றே குறைத்தாள். பக்கத்தில் அவருடைய தொடை யோசிக்காமல் சுருங்கியது. இன்னும் குறைத்தாள், இன்னும் சுருங்கியது. கூடத்திலிருந்து இறங்கும் சரிவுப் பாதையின் முடிவில் வாசல் கதவு வரும்வரை சோதித்துக்கொண்டே போனாள். எந்த இடத்திலும் அவர் ஒரு விரற்கடைகூட முந்தவில்லை. அது நடிப்பாக இருக்க முடியாது. நடிப்பவர்களை அவளுக்குத் தெரியும்.

விட்டுவிட்டு ஓடிப்போன மனிதர். ஓடிப்போன கால்களோ அவளை ஒரு நாளும் விட்டுப் போகவில்லை. மார்க்கெட்டிலும் படித்துறையிலும் யார் யாரோ, முன்பின் தெரியாதவர்கள், வலப்பக்கத்தில் அவளுக்கு இடம்விட்டு நடந்துகொண்டிருக்கிறார்கள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. மாறாக ஒரு சலிப்பு வந்தது. அவர் சொன்ன மூச்சுமுட்டல் என்னவென்று அந்தக் கணத்தில் கொஞ்சம் புரிந்தது.

“என்ன செய்யப்போற?” என்றார் எழில்மாறன். “போலீசுக்குச் சொல்லுவியா?”

“சொன்னா உன் நடையை நிறுத்திடுவாங்க. ஊருல பாதிக் கெழம் விழுந்துடும்.” அவள் கதவின் பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். “ஒருத்தியோட நாப்பது வருஷம் இருக்க முடியாதுன்னு ஓடின. இப்ப எத்தனை பேரை இடுப்புல கட்டிக்கிட்டு நிக்கிறன்னு தெரியுமா? நீ காலை மடக்கி உக்கார முடியாது. செத்துப்போகவும் முடியாது. வருஷாவருஷம் வந்து பார்ப்பாங்க.”

“தெரியும்” என்றார் அவர். “ஆனா அவங்க யாரும் எங்கூடப் பேச மாட்டாங்க.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பதினோரு வருஷத்தில் அவரைப் பார்த்துச் சிரிப்பது இதுதான் முதல் தடவை என்று நினைத்தபோது அது நின்றுபோயிற்று.

“போ. எம் புருஷன் செத்துட்டார். அது அப்படியே இருக்கட்டும்.”

அவர் வெயிலில் இறங்கிப் போனார். வலப்பக்கத்தில் அந்த இடம் அப்படியே காலியாக அவரோடு போயிற்று. அவர் முக்குத் திரும்பும்வரை தாரணி பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து வேகமாக நடக்கிறாரா என்று பார்க்கத்தான். இல்லை, கடைசிவரை அதே நடை.

அவள் கூடத்துக்குள் திரும்பினாள். ஒத்திகை வலை இன்னும் மேசையில் கிடந்தது. ஏஞ்சலின் தயங்கித் தயங்கி, “அதையே பொருத்திடவாம்மா? உங்களுக்கு அவ்வளவு பொருத்தமா வேற ஒன்னு வராது” என்றாள்.

“வேணாம். வேற போடுங்க.”

“யாரோடது மாதிரி வேணும்?”

“யாரோடதா இருந்தாலும் சரி. தனியா நடந்து பழகினவங்களோடது இருக்கா?”

ஏஞ்சலின் கொஞ்ச நேரம் தேடினாள். “ஒரு அம்மா இருக்காங்க. கல்யாணமே பண்ணிக்கல. ஆனா அது வேகமான நடை. மொதல்ல உங்களுக்கு வலிக்கும்.”

தாரணி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

“போடுங்க” என்றாள்.